குட்டிகள் ஏன் மடிகின்றன? வீட்டுப் பூனைகளும் நச்சுயிரி நோய்களும்

பூனைக்குத் தமிழில் பூசை, வெருகு எனப் பழம்பெயர்கள் உண்டு. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை உரியதாக்குகின்றது; வெருகினைப் பூசை என்று வழங்குவதையும் ஏற்றுக்கொள்கின்றது. இத்துணைப் பழைய உறவுடைய ஒரு விலங்கைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சிறிதே. அதன் குட்டிகள் அடுத்தடுத்து மடியும்போது அவ்வறியாமை வெளிப்படுகின்றது.

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வாழும் ஊர் பத்தமடை. கால்வாயின் பத்து மடைகளே ஊருக்குப் பெயர் தந்தன என்று சொல்வதுண்டு. ஒரு புறம் நெல் வயல். மறு புறம் பாய்த் தறி. வெட்டி உலர்த்திய கோரைக் கட்டுகளும் பாவு நூலும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஊரில் எலியை விட்டுவைக்க இயலாது. ஆகவே நம் வீடுகளில் பூனை செல்லப் பிராணியாக மட்டும் இருந்ததில்லை. நபித்தோழர் ஒருவரின் சிறப்புப் பெயரே ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்று பொருள்படும் அபூஹுரைரா என்பது. அடுக்களை வரை பூனை தடையின்றி வந்து போவதை நம் மூத்தோர் குறையாகக் கொண்டதில்லை. ஆயினும் அதனை யாரும் கட்டிவைத்து வளர்ப்பதுமில்லை. காலையில் ஒரு வீட்டில் மீன் தலை, நண்பகலில் அடுத்த வீட்டின் திண்ணை, இரவில் தெருவெல்லாம் என்று அது திரியும். இன்னார் வீட்டுப் பூனை என்று சொல்லலாமே தவிர, இன்னாருடைய பூனை என்று உறுதியாகச் சொல்வது கடினம். நோய் பரவும் விதத்தை அறிய விரும்புவோர் இதனை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒரு தாய்ப் பூனை நான்கு குட்டிகளை ஈன்று, அவை கண் திறந்து, ஓடியாடி விளையாடத் தொடங்கிய பின், ஒரு வாரத்துக்குள் நான்கும் மடிந்து போவதை நம் தெருக்களில் அனைவரும் கண்டிருக்கிறோம். உடனே எழும் பேச்சு ஒன்றே: “யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்.” அந்த ‘யாரோ’ பெரும்பாலும் அடுத்த வீட்டாராக இருப்பர். பூனை தங்கள் வீட்டுப் பாலைக் கவிழ்த்தது என்று அவர்கள் என்றோ சலித்துக்கொண்டது நினைவுக்கு வரும். பேச்சு தடித்து, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரு வீட்டார் திருமணத்துக்கும் அழைக்காத நிலைக்குச் சென்றதையும் கண்டிருக்கிறோம். எலி நஞ்சைத் தின்று பூனைகள் இறப்பதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும் குட்டிகள் கூட்டமாய் மடியும்போது முதலில் ஐயுற வேண்டியது அடுத்த வீட்டாரையன்று, நச்சுயிரியை. வைரஸ் என்று நாம் பொதுவில் சொல்வதும் அதனையே.

பூனைகளைத் தாக்கும் நச்சுயிரிகள் பலவற்றுள் குட்டிகளை மிகுதியாகக் கொல்வது பான்லூக்கோபீனியா என்னும் நோயைத் தருவது. ‘எல்லா வெள்ளணுக்களும் குறைதல்’ என்பது இச்சொல்லின் பொருள். இதற்கு நச்சுயிரியே காரணம் என்பதை 1928இல் வெர்ஜ், கிறிஸ்டோஃபொரோனி என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் காட்டினர். ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே இதன் பருமன். தானாகப் பெருகும் ஆற்றல் இதற்கு இல்லை. உடலில் எந்த உயிரணுக்கள் விரைந்து பிரிந்து பெருகுகின்றனவோ, அவற்றுள் நுழைந்து அவற்றின் பெருக்கத்தைத் தன் பெருக்கமாக மாற்றிக்கொள்கின்றது. வளரும் குட்டியின் உடலில் அத்தகைய இடங்கள் இரண்டு: குடலின் உட்பூச்சும், குருதியணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையும். குடற்பூச்சு அழிவதால் வாந்தியும் கழிச்சலும் உண்டாகி உடல் நீர் வற்றுகின்றது. மஜ்ஜை அழிவதால் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஐயாயிரத்துக்குக் குறையாது இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் இரண்டாயிரத்துக்கும் கீழே விழுகின்றன. காப்பார் இல்லாத உடலில், சிதைந்த குடல் வழியே நுண்ணுயிர்கள் புகுந்து குருதியில் கலக்கின்றன. இவ்விரண்டும் ஒருங்கே நேர்வதால்தான் நேற்று விளையாடிய குட்டி இன்று எழ மாட்டாமற் கிடக்கின்றது.

இந்நோயில் ஓர் அடையாளம் உண்டு. அதனை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். நோயுற்ற குட்டி நீர்க் கிண்ணத்தின் அருகே சென்று, தலையை அதன் மேல் தொங்கவிட்டபடி அமர்ந்திருக்கும். தாகம் இருக்கும், குடிக்க இயலாது. நம் பெண்கள் இதனைக் ‘கண்ணேறு’ என்று சொல்வர்.

நஞ்சுக்கும் இந்நோய்க்கும் வேறுபாடு காண வீட்டிலேயே ஓரளவு வழியுண்டு. வைத்த மருந்தை உண்ட பூனைகளில் பெரியது சிறியது என்ற வேறுபாடு இராது, தாயும் சாகும். நச்சுயிரியோ குட்டிகளை ஒருநாள் ஒன்றும் மறுநாள் ஒன்றுமாகக் கொண்டுபோகும். தாய் பெரும்பாலும் தப்பிவிடும். ஏனெனில், தெருவில் வளர்ந்த தாய்ப் பூனை தன் இளமையிலேயே இந்நச்சுயிரியைச் சந்தித்துப் பிழைத்த ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். அதன் குருதியில் எதிர்ப்பொருள்கள் உள்ளன. அவற்றைச் சீம்பாலின் வழியே குட்டிகளுக்கும் அது தருகின்றது. அந்தக் காப்பு சில வாரங்களே நிற்கும். இரண்டு, மூன்று மாத அளவில், அஃதாவது குட்டி துள்ளி விளையாடி வீட்டாரின் நெஞ்சைக் கவரும் பருவத்தில், காப்பு தேய்ந்து போகின்றது. நச்சுயிரி அப்போதுதான் தாக்குகின்றது. சினையுற்ற பூனையைத் தாக்கினால், வயிற்றிலுள்ள குட்டிகளின் சிறுமூளை வளர்ச்சி குன்றுகின்றது. பிறந்தபின் அக்குட்டிகள் கள்ளுண்டவர் போல் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். ஆனால் உண்டு உறங்கி நெடுநாள் வாழ்வதும் உண்டு. அவற்றைக் கொன்றுவிட வேண்டியதில்லை.

இதன் கொடுமை அதன் நிலைபேற்றில் உள்ளது. பூனையின் உடலை விட்டு வெளியேறிய பின்னும் தரையிலும் துணியிலும் மூலை முடுக்கிலும் ஓராண்டு வரை இது உயிர்ப்போடு இருக்கவல்லது. நோயுற்ற பூனையைத் தொடாமலே நம் செருப்பும் கைகளும் இதனை அடுத்த தெருவுக்குக் கொண்டு சேர்க்கின்றன. வெளியே விடாது அறைக்குள் வளர்த்த குட்டியும் இவ்வாறே நோயுறுகின்றது. குட்டி கிடந்த பழம்பாயை உதறி மடித்து வைத்து, அடுத்த ஈற்றில் மீண்டும் அதே பாயை விரித்தால் அடுத்த குட்டிகளும் மடியும். “இந்த வீட்டில் பூனை தங்காது” என்ற பழிச்சொல் சில வீடுகளுக்கு ஏற்படுவதன் காரணம் இதுவாக இருக்கலாம். அப்பாயை எரித்துவிடுவதே நலம். பாய் நெய்யும் ஊரில் இவ்வாறு சொல்வதற்குச் சற்றே தயக்கமாகத்தான் உள்ளது.

தரையைக் கழுவ நாம் எடுப்பது பினாயில். இதனால் இரட்டைத் தீங்கு. இந்நச்சுயிரி பினாயிலுக்கு அஞ்சுவதில்லை. பினாயில் வகை மருந்துகளை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவாதலால், ஈரத் தரையில் நடந்து காலை நக்கும் பூனைக்கு அதுவே நஞ்சாகின்றது. முதலில் சோப்பு நீரால் அழுக்கு நீங்கக் கழுவிவிட்டு, கடையில் விற்கும் பிளீச்சிங் திரவத்தில் ஒரு பங்கை முப்பத்திரண்டு பங்கு நீரில் கலந்து, பத்து நிமிடம் தரையில் ஊறவிட வேண்டும். பின்னர் நல்ல நீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

கல்லீரலின் இதே குறைபாட்டால் நேரும் மற்றொரு துன்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். காய்ச்சலால் துவண்ட பூனைக்கு இரக்கங்கொண்டு பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துப் புகட்டுவோர் உளர். பூனைக்கு அந்த அரை மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். ஈறுகள் பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சிரைத்து அது இறக்கும். நோய் கொல்லாது விட்டதை நம் அன்பு கொன்றுவிடுகின்றது. மனிதர் மாத்திரை எதுவாயினும் மருத்துவரைக் கேளாமல் பூனைக்குக் கொடுத்தலாகாது.

இந்த நச்சுயிரி வீட்டுப் பூனையோடு நிற்பதில்லை. பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் 2023 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஏழு சிறுத்தைக் குட்டிகள் இதே நோயால் இறந்தன. அவற்றுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்ததாகவும் செய்தி வந்தது. நமக்கு மேற்கே, பாபநாசம், மணிமுத்தாறு மலையடிவாரங்களை ஒட்டி, 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கின்றது. அம்மலையடியில் ஊர்ப் பூனைகளும் காட்டுப்பூனைகளும் ஒரே வரப்பில் எலி பிடிக்கின்றன என்பதை நினைக்க வேண்டும். 1978இல் உலகெங்கும் நாய்களைத் தாக்கிய பார்வோ நச்சுயிரியும் இப்பூனை நச்சுயிரிக்கு மிக நெருங்கிய உறவுடையதே.

இனி, இந்நோய்கள் எவ்வளவு பரவலானவை என்ற வினாவுக்கு வருவோம். நம் நாட்டுப் பூனைகளுக்குத் தொகை இல்லை. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு, எருமை, ஆடு மட்டுமன்றி நாய், முயல், யானை வரை எண்ணப்பட்டன, பூனை எண்ணப்படவில்லை. மொத்தம் எத்தனை என்று தெரியாதபோது அதில் எத்தனை விழுக்காடு நோயுற்றது என்று எவ்வாறு சொல்வது? மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் பூனைகளை வைத்துச் சொல்லலாம். ஆனால் அங்கே வருவன நோயுற்றவையும் வசதியுள்ளோர் வளர்ப்பனவும். பத்தமடைத் திண்ணைப் பூனை அக்கணக்கில் வாராது.

எண்ணிப் பார்த்த நாடுகளில் கிடைத்த எண்கள் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2004இல் 18,038 பூனைகளின் குருதியை இரண்டு நச்சுயிரிகளுக்காகச் சோதித்தனர். ஒன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் 1964இல் கண்டறிந்த பூனைக் குருதிப்புற்று நச்சுயிரி. மற்றொன்று, கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் 1986இல் பிரித்தெடுத்த பூனை எதிர்ப்பாற்றல் குறைப்பு நச்சுயிரி. முன்னது 2.3 விழுக்காடு, பின்னது 2.5 விழுக்காடு பூனைகளிடம் இருந்தது. நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றால் அஞ்சத்தக்கதன்று எனத் தோன்றும். ஆயினும் அதே ஆய்வில், யாரும் வளர்க்காது திரிந்து நோயுற்ற பூனைகளை மட்டும் தனியே பார்த்தபோது, இவ்வெண்கள் முறையே 15, 18 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தன. ஆகவே ‘பூனைகளிடம் இந்நோய் எவ்வளவு?’ என்று கேட்பது பொருளற்றது, ‘எந்தப் பூனைகளிடம்?’ என்றே கேட்க வேண்டும். உள்ளே உறங்கி வெளியே சண்டையிடும் நம் ஊர்ப் பூனை இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் எங்கோ நிற்கும் என ஊகிக்கலாம்.

இவ்விரண்டும் பரவும் வழிகள் வேறு. எதிர்ப்பாற்றல் குறைப்பு நச்சுயிரி கடியால் பரவுவது. இரவெல்லாம் கூரையில் உறுமிச் சண்டையிட்டு, காதும் கன்னமும் கிழிந்து வரும் கடுவன் பூனைகளே இதற்கு மிகுதியும் இலக்காகின்றன. மனிதரின் எய்ட்ஸ் நச்சுயிரிக்கு இது உறவாதலின் ‘பூனை எய்ட்ஸ்’ என்றொரு பெயர் வழங்குகின்றது. அப்பெயரைக் கேட்டுப் பூனையைத் தொலைவில் விட்டுவந்தவர்களும் உளர். இது மனிதருக்குத் தொற்றாது. தொற்றிய பூனையும் பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும். கடுவனுக்குக் காயடித்துவிட்டால் சண்டை குறையும், நோயும் குறையும். குருதிப்புற்று நச்சுயிரியோ ஒன்றையொன்று நக்குதல், ஒரே கிண்ணத்தில் உண்ணுதல், தாய்ப்பால் ஆகிய அன்பின் வழிகளிலேயே பரவுகின்றது. உடல் இதனை அடக்கிவிடுவதும் உண்டு; அடக்க மாட்டாத பூனைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் இறக்கின்றன. இதுவும் மனிதருக்குத் தொற்றாது.

தொற்று வேறு, நோய் வேறு என்பதற்குச் சிறந்த சான்று பூனைக் கொரோனா நச்சுயிரி. பல பூனைகள் கூடி வாழும் இடங்களில் சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வரை இதன் எதிர்ப்பொருளைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை ஓரிரு நாள் கழிச்சலோடு நலமடையும். ஏறத்தாழ பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோதான், நச்சுயிரி உடலுக்குள் உருமாறி, வயிறு நீர் கோத்து வீங்கும் வயிற்றுச் சவ்வு அழற்சி நோய்க்கு ஆளாகின்றது. அந்நோய் வந்தால் சாவு உறுதி என்றே அண்மைக்காலம் வரை கருதப்பட்டது. 2019இல் பெடர்சன் குழுவினர் ஜி.எஸ். 441524 என்னும் மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 நெடுநாள் பிழைத்தன. சைப்ரஸ் தீவில் 2023இல் இந்நோயின் புதிய வடிவம் ஒன்று பூனைகளிடையே பரவியபோது, மனிதருக்கான கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்நாட்டரசு இசைந்தது. இப்பூனைக் கொரோனா, மனிதரின் கோவிட் நச்சுயிரியினின்றும் வேறானது, நமக்கு வாராது.

மூக்கொழுகி, கண் பீளை கட்டி, தும்மிக்கொண்டு வரும் குட்டிகளை எல்லாத் தெருவிலும் காண்கிறோம். ஹெர்ப்பிஸ், கலிசி என்னும் இரண்டு நச்சுயிரிகளே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஹெர்ப்பிஸ் ஒருமுறை புகுந்தால் பெரும்பாலான பூனைகளில் வாழ்நாள் முழுதும் நரம்புக்குள் உறங்கும். இடம் மாறினாலோ, குட்டி ஈன்றாலோ விழித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் கண்ணைத் துடைத்து, மூக்கடைப்பால் மணம் அறியாத குட்டிக்கு மீனைச் சூடாக்கி மணம் எழக் கொடுத்தால் பல பிழைத்துவிடும்.

பூனையின் நச்சுயிரிகளுள் மனிதரைக் கொல்வது வெறிநோய் ஒன்றே. நாய்க்குத்தான் அது வரும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ்ந்து வேரூன்றியிருக்கின்றது. வெறி கொண்ட நாய் கடித்த பூனைக்கும் அது வரும். அப்பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் நமக்கும் வரலாம். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக் காத்திருத்தல் கூடாது. செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாள். அதனையொட்டி நடைபெறும் இலவச முகாம்களுக்கு நாயைக் கொண்டுசெல்வோர் பூனையையும் ஒரு கூடையில் கொண்டுசெல்லலாம்.

பான்லூக்கோபீனியா, ஹெர்ப்பிஸ், கலிசி மூன்றையும் ஒருங்கே தடுக்கும் ஊசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் நிறையும் வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குருதியில் எஞ்சியிருக்குமானால் அது ஊசியையும் செயலற்றதாக்கிவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஊசியோடு நின்றுவிடலாகாது என்பது இதனாலேயே. ஓராண்டில் மீண்டும் ஒருமுறை போட்டுவிட்டால், அடுத்தவை மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்பர். நோய் வந்தபின் இதற்கெனத் தனி மருந்து இல்லை. நரம்பு வழியே உப்புநீர் ஏற்றி, பிற நுண்ணுயிர்களை மருந்தால் தடுத்து, உடல் தானே மீளும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. முதல் ஐந்து நாளைக் கடந்த குட்டி பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் பிழைத்த பின்னும் சில வாரங்கள் அதன் கழிவில் நச்சுயிரி வெளிப்படும்; அதுவரை பிற குட்டிகளோடு சேர்க்கலாகாது.

ஊசிக்குச் செலவு உண்டு. ஒரு பாய்க்கு இத்தனை என்று கூலி வாங்கும் வீட்டில் நான்கு குட்டிக்கும் மும்முறை ஊசி என்பது எளிதன்று. அத்தகைய வீட்டார் தாய்ப் பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டால், ஆண்டுதோறும் பிறந்து மடியும் குட்டிகளின் எண்ணிக்கையேனும் குறையும். எத்தனை ஊசிகளாலும் தீராத சிக்கலை அது ஒன்றே பாதியாகத் தீர்க்கும் என்பது நம் கருத்து.

நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் 2012ஆம் ஆண்டு முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. பத்தமடையிலிருந்து பேருந்தில் சென்று மாலைக்குள் திரும்பிவிடும் தொலைவுதான். குட்டிக்கு உயிர் இருக்கும்போதே கொண்டுசெல்வது முறை. இறந்துவிட்டால், நஞ்சா நோயா என்ற ஐயம் இருக்குமாயின், அதன் உடலைப் புதைத்துவிடாமல் இரண்டு நெகிழிப் பைகளில் இட்டு, பனிக்கட்டிகளுக்கிடையே குளிர வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். உறையும்படி வைத்தலாகாது, உறைந்தால் திசுக்கள் கெட்டுவிடும். உடற்கூறாய்வில் குடலையும் மஜ்ஜையையும் பார்ப்பவர்க்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். அடுத்த வீட்டாரிடம் பேசுவதற்கு முன் அந்த விடைக்காகக் காத்திருக்கலாம்.